வெப் டிசைன் கான்ஃபரன்ஸ்ல பேசணுமா? சிங்கப்பூர்ல இருக்கிறவங்களுக்கு ஒரு வழிகாட்டி

இது யாருக்குன்னு முதல்ல சொல்லிடறேன். நீங்க சிங்கப்பூர்ல வெப் டிசைன் இல்ல ஃபிரண்ட் எண்ட் வேலை பாக்கறீங்க, ரெண்டு மூணு வருஷ அனுபவம் இருக்கு, இந்த வட்டாரத்துல நடக்கிற ஒரு கான்ஃபரன்ஸ்ல ஏறிப் பேசணும்னு ஆசை, அதோட அங்க வர்ற ஸ்பீக்கர்கள்கிட்ட நாலு வார்த்தை பேசிப் பழகணும்னும் ஆசை, ஆனா எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல. பேச்சை எப்படி அமைக்கிறதுன்னு சொல்லித்தர ஆயிரம் வீடியோ இருக்கு. பேப்பர், காசு, தேதி இதைப் பத்தி ஒருத்தரும் சொல்றதில்ல, நான் அலைஞ்சு திரிஞ்சு ஒவ்வொருத்தரா கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். நல்ல பேச்சு கையில இருந்தும் ஒரு கடிதம் லேட்டா வந்ததால போக முடியாம போனவங்களை எனக்கே தெரியும், அதனால இதுல அந்தப் பக்கம் தான் அதிகமா இருக்கும்.

1. எங்க பேசறதுன்னு முடிவு பண்ணுங்க

நேரா பெரிய மேடைக்குப் போகாதீங்க. சிங்கப்பூர்ல டாக்.சிஎஸ்எஸ்னு சிஎஸ்எஸ்ஸுக்குன்னே ஒரு மீட்டப் இருக்கு, 2015லேர்ந்து நடக்குது, புதுசா பேசறவங்களுக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிஞ்சு இல்ல. கூட்டம் சின்னது, வர்றவங்க எல்லாரும் அதே வேலை பாக்கறவங்க, நடுவுல திக்கினாலும் யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க. இந்த மாதிரி மீட்டப் பேச்சுகள் நிறைய எஞ்சினியர்ஸ்.எஸ்ஜி யூடியூப் சேனல்ல கிடக்கு, போய்ப் பாத்தீங்கன்னா எந்த அளவு எதிர்பார்க்கிறாங்கன்னு பிடிபடும்.

மீட்டப்ல பேசறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. கான்ஃபரன்ஸ் விண்ணப்பத்துல பாதிக்கு மேல "இதுக்கு முன்னாடி பேசின வீடியோ லிங்க் கொடுங்க"ன்னு ஒரு கட்டம் வரும். அதை வெத்தா விட்டா தள்ளிடுவாங்கன்னு இல்ல, ஆனா பத்து நிமிஷ வீடியோ ஒண்ணு இருந்தாலும் உங்க பக்கம் கொஞ்சம் சாயும். யாரும் ரெக்கார்ட் பண்ணலன்னா ஃபோனை எங்கயாவது நிக்க வச்சு நீங்களே எடுத்துக்குங்க, சத்தம் தெளிவா இருந்தா போதும், படம் சுமாரா இருந்தா பரவால்ல.

அடுத்து வட்டார அளவுல பாருங்க. வேர்ட்பிரஸ் ஆளுங்க நடத்துற வேர்ட்கேம்ப் ஏஷியா ஊர் ஊரா மாறும்: 2023ல பாங்காக், 2024ல தைப்பே, 2025ல மணிலா. ஓப்பன் சோர்ஸுக்கான ஃபாஸ்ஏஷியா சம்மிட் ரொம்ப வருஷம் சிங்கப்பூர்ல நடந்தது, 2024ல ஹனோய், 2025ல பாங்காக். ட்ரூபல் மென்பொருளுக்கான ட்ரூபல்கான் 2024 டிசம்பர்ல நம்ம ஊருக்கே வந்துச்சு. இதெல்லாம் பேருக்கு முழு டிசைன் கான்ஃபரன்ஸ் இல்லதான், ஆனா டிசைன், அக்ஸசிபிலிட்டி, டைப்போகிராஃபி பத்திப் பேச எல்லாத்துலயும் இடம் உண்டு. டிசைனுக்குன்னே நடக்கிற கான்ஃபரன்ஸ்கள்ல பல சமயம் பெரிய பேர்களை அவங்களே கூப்பிட்டு நிரப்பிடுவாங்க, புதுசா வர்றவங்களுக்கு வாசல் குறுகல். சமூகம் நடத்துற நிகழ்ச்சிகள்ல பொது அழைப்பு போடுவாங்க, அங்க தான் நமக்கு வாய்ப்பு.

2. ஃபார்ம் நிரப்பறதுக்கு முன்னாடி ஆபீஸ்ல கேளுங்க

தேர்வான பிறகு கேட்டுக்கலாம்னு தோணும், வேணாம். கம்பெனி வேலையைப் பத்திப் பேசப்போறீங்கன்னா கம்யூனிகேஷன்ஸ் டீம், சில இடத்துல லீகல் டீம், ரெண்டும் பாத்து ஓகே சொல்லணும், அதுக்கு வாரக்கணக்குல ஆகும். கிளையண்ட் ஸ்க்ரீன்ஷாட் காட்டப்போறீங்கன்னா அந்த கிளையண்டும் சரின்னு சொல்லணும். அரசாங்க ஏஜென்சி இல்ல ஸ்டாட்யூட்டரி போர்டுல இருந்தா இன்னும் ஒரு படி கூடவே இருக்கும்.

இபி, எஸ் பாஸ்னு வேலை பாஸ்ல இருக்கிறவங்க கவனமா படிங்க. உங்க பாஸ் உங்க முதலாளிகிட்ட வேலை பாக்கறதுக்கு மட்டும் தான். காசு வாங்காம பேசறதும் காசு வாங்கிப் பேசறதும் ஒண்ணு இல்ல. "சின்னத் தொகை தானே, அன்பளிப்பு தானே"ன்னு கை நீட்டிடாதீங்க, ஹெச்ஆர்கிட்ட கேட்டு பதிலை ஈமெயில்ல வாங்கி வச்சுக்குங்க. ஹெச்ஆருக்கே தெரியலன்னா மனிதவள அமைச்சுக்கு அவங்களே எழுதிக் கேக்கட்டும். இந்தக் குழப்பமே வேணாம்னா தொகையை வேணாம்னு சொல்லிட்டு பயணச் செலவு மட்டும் பாத்துக்கச் சொல்றவங்களும் இருக்காங்க, அதையும் ஹெச்ஆருக்குச் சொல்லிட்டே செய்யுங்க.

ரிசர்விஸ்ட்ல இருக்கிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை: ஐசிடி பயிற்சித் தேதி மோதுதான்னு இப்பவே பாருங்க. தள்ளி வைக்க விண்ணப்பிக்கலாம், ஆனா கான்ஃபரன்ஸ்ல பேசறேன்னு சொன்னதும் விட்டுடுவாங்கன்னு நம்பி டிக்கெட் போட்டுடாதீங்க.

3. தலைப்பும் சுருக்கமும்

என்னைக் கேட்டா இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்கணும், ஸ்லைடை விட. தேர்வுக் குழு உங்க ஸ்லைடைப் பாக்கப்போறதில்ல, 150 வார்த்தை சுருக்கத்தை மட்டும் தான் பாக்கும், அதுவும் பல இடத்துல முதல் சுற்றுல உங்க பேரையே மறைச்சுட்டுப் படிப்பாங்க. பெரிய கம்பெனில இருக்கீங்கங்கிறது அங்க எடுபடாது, நம்மள மாதிரி ஆளுங்களுக்கு அது நல்லது தான்.

என்ன தலைப்பு எடுக்கலாம்? சிஎஸ்எஸ் கிரிட் அறிமுகம்னு போட்டா அதே தலைப்புல இன்னும் இருபது பேர் போட்டிருப்பாங்க. கிரிட் 2017 மார்ச்லயே பெரிய பிரவுசர்கள்ல வந்தாச்சு, கன்டெய்னர் குவெரி 2023லயே எல்லாத்துலயும் வந்தாச்சு, இனிமே அறிமுகம் யாருக்கு வேணும். உங்க கையில மட்டும் இருக்கிற விஷயத்தை எடுங்க. நாலு அதிகாரபூர்வ மொழி இருக்கிற ஊர்ல உக்காந்து வேலை பாக்கறோம், ஒரே பட்டனுக்குள்ள ஆங்கிலமும் சீனமும் மலாயும் தமிழும் அடங்கணும், சீனத்துக்கு ரெண்டே எழுத்துல முடியறது தமிழ்ல பட்டனைத் தாண்டி வெளிய ஓடும். இதை தினமும் பாக்கறவங்க நாம தான். வேற ஊர்க்காரங்க எதிர்ல வச்சுப் பேச இதைவிட என்ன வேணும்.

ஒரு உதாரணம் காட்டறேன். பிரவுசர் கன்சோலைத் திறந்து மேற்கோள் குறிக்குள்ள சிங்கப்பூர்னு தமிழ்ல அடிச்சு லெங்த் கேளுங்க. 11ன்னு சொல்லும். நம்ம கண்ணுக்கு சி, ங், க, ப், பூ, ர் - ஆறே எழுத்து. மெய்யெழுத்துப் புள்ளி, கொம்பு, சுழி எல்லாத்தையும் தனித்தனியா எண்ணுது. இப்ப ஒரு ஃபார்ம்ல பேருக்கு 20 எழுத்து தான்னு மேக்ஸ்லெங்த் வச்சா தமிழ்ப் பேர் பாதியில அறுந்து போகும், அதுவும் சில சமயம் புள்ளியை மட்டும் தூக்கி எறிஞ்சுட்டு 'ர்' இருந்த இடத்துல 'ர'ன்னு நிக்கும். பிரவுசர்லயே இருக்கிற இன்டல்.செக்மென்டர் போட்டு எண்ணினா ஆறுன்னு சரியா வரும், 2024லேர்ந்து ஃபயர்ஃபாக்ஸ்லயும் அது இருக்கு.

இதையே ரெண்டு விதமா எழுதிப் பாருங்க.

முதல் விதம்: "பன்மொழி இணையதளங்களில் எழுத்துரு மற்றும் உள்ளீட்டுச் சவால்கள்: ஓர் அறிமுகம்."

ரெண்டாவது விதம்: "ஆறு எழுத்தை 11ன்னு எண்ணுற ஃபார்ம்: நாலு மொழி இணையதளத்துல எங்கெல்லாம் உடையுது, எப்படி சரி பண்றது. இந்தப் பேச்சு முடியறப்போ உங்க ஃபார்ம் தமிழ், தாய்லாந்து, இந்திப் பேர்களை வெட்டுதான்னு நீங்களே சோதிக்கவும், மூணு இடத்துல திருத்தவும் தெரிஞ்சிருக்கும்."

ரெண்டாவதைத்தான் எடுப்பாங்க. அதுல என்ன உடைஞ்சதுன்னு இருக்கு, கேக்கறவங்க கையில என்ன எடுத்துட்டுப் போவாங்கன்னு இருக்கு. நிறைய ஃபார்ம்ல குழுவுக்கு மட்டும் தெரியற ஒரு தனிக் கட்டம் இருக்கும், அங்க நிமிஷக் கணக்கோட பேச்சோட வரிசையை எழுதுங்க. அதை வெத்தா விடறவங்க தான் அதிகம், பத்து வரி எழுதினாலே வித்தியாசம் தெரியும்.

ஒரே கான்ஃபரன்ஸுக்கு ரெண்டு மூணு தலைப்பு அனுப்பலாம். எட்டு பத்துன்னு அனுப்பாதீங்க, எதுலயும் பிடிப்பு இல்லாத ஆளுன்னு நினைச்சுப்பாங்க.

4. என்னென்ன தயாரா இருக்கணும்

விண்ணப்பம் பெரும்பாலும் செஷனைஸ், பேப்பர்கால், பிரிடால்க்ஸ் மாதிரி தளத்துல தான் வாங்குவாங்க. ஒரு தடவை விவரம் ஏத்திட்டா அடுத்தடுத்து அதையே பயன்படுத்தலாம். கடைசித் தேதியில நேர மண்டலத்தைப் பாருங்க, வேற ஊர் நேரத்தைப் போட்டிருந்தா நமக்கு அது மறுநாள் காலையாவும் இருக்கலாம், முந்தின நாள் சாயங்காலமாவும் இருக்கலாம்.

கையில வச்சுக்க வேண்டியது: 50 வார்த்தைலயும் 100 வார்த்தைலயும் உங்களைப் பத்தின குறிப்பு, முகம் தெளிவா தெரியற சதுரப் படம், பழைய பேச்சு வீடியோ லிங்க், ஆறு மாசத்துக்கு மேல செல்லுபடியாகுற பாஸ்போர்ட். சிங்கப்பூர் பாஸ்போர்ட் புதுப்பிக்கறதை ஆன்லைன்லயே பண்ணலாம், ஆனா ஸ்கூல் லீவு நேரத்துல கூட்டம் கூடும், முன்னாடியே முடிச்சுடுங்க.

இப்ப பேர் விஷயம், நம்மாளுங்களுக்கு இது தனித் தலைவலி. சிங்கப்பூர் பாஸ்போர்ட்ல எஸ்/ஓ, டி/ஓ இருக்கிறவங்களுக்கு விமான டிக்கெட் தளம் அந்தச் சாய்வுக் கோட்டை ஏத்துக்காது, கோட்டை எடுத்துட்டு எழுத்தை மட்டும் சேர்த்துப் போடுவாங்க, அது வழக்கமா நடக்கிறது தான். இந்தியப் பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டம் காலியா இருக்கிறவங்களுக்கு ஒவ்வொரு ஏர்லைனும் ஒவ்வொரு மாதிரி சொல்லும், டிக்கெட் போடறதுக்கு முன்னாடி அந்த ஏர்லைன் பக்கத்துல பாருங்க. கான்ஃபரன்ஸ் நடத்துறவங்களே டிக்கெட் போடறாங்கன்னா பாஸ்போர்ட் பக்கத்தோட படத்தை அனுப்பி, எது கொடுத்த பேர், எது குடும்பப் பேர்னு ஒரு வரியில எழுதிடுங்க. இல்லன்னா அப்பா பேர்ல டிக்கெட் வந்து நிக்கும், மாத்தறதுக்குத் தனியா காசு. நிகழ்ச்சி நிரல்ல, பேட்ஜ்ல உங்களுக்குப் பிடிச்ச பேரைப் போட்டுக்கலாம், ஆனா அழைப்புக் கடிதம், டிக்கெட், ஹோட்டல் மூணுலயும் பாஸ்போர்ட் பேர் தான் இருக்கணும்.

5. சரின்னு சொல்றதுக்கு முன்னாடி காசைப் பத்திக் கேளுங்க

கேக்கறதுக்குக் கூச்சப்படாதீங்க, அவங்களுக்கு இது தினசரிக் கேள்வி. டிக்கெட், ஹோட்டல் யார் கொடுக்கறாங்க, எத்தனை இரவு, பேச்சுக்குத் தொகை உண்டா, நான் முதல்ல போட்டுட்டு அப்புறம் திருப்பி வாங்கணுமா இல்ல அவங்களே புக் பண்ணுவாங்களா, திருப்பித் தர்றதுன்னா எந்தக் கரன்சில எத்தனை நாள்ல. இதை ஈமெயில்லயே கேளுங்க, பதிலும் எழுத்துல இருக்கட்டும்.

நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி வித்தியாசம் ரொம்ப இருக்கு. வேர்ட்கேம்ப் மாதிரி தன்னார்வலர்கள் நடத்துறதுல ஸ்பீக்கருக்குச் சம்பளம் கிடையாது, பயணமும் பொதுவா உங்க செலவு தான், அது அவங்க வெளிப்படையா சொல்ற கொள்கை. டிக்கெட் விலை அதிகமா வச்சு நடத்துற வணிகக் கான்ஃபரன்ஸ்ல ஒண்ணுமே தர மாட்டோம்னு சொன்னா எனக்கு அது பிடிக்காது, இலவசமா சரக்கு வாங்கி விக்கிற மாதிரி தான். "மேடையில பேச இவ்வளவு கட்டுங்க"ன்னு உங்ககிட்டயே காசு கேட்டா அது ஸ்பான்சர் ஸ்லாட், விளம்பரம், அந்தப் பக்கமே போகாதீங்க.

திருப்பித் தர்ற பணம் வெளிநாட்டுலேர்ந்து வந்தா நடுவுல பேங்க் கட்டணம் கடிக்கும், அந்தக் கட்டணம் யார் தலைலன்னு கேட்டுக்குங்க. பேநவ் நம்பர் கொடுத்துட்டு உக்காந்திருக்காதீங்க, வெளிநாட்டுக் கம்பெனி பலதுக்கும் அது உதவாது, ஸ்விஃப்ட் கோட் தயாரா வச்சுக்குங்க. போர்டிங் பாஸ், ஹோட்டல் பில், டாக்ஸி ரசீது எல்லாத்தையும் அன்னிக்கே ஃபோன்ல படம் எடுத்துடுங்க, வெப்பக் காகித ரசீது ஒரு மாசத்துல மங்கி வெள்ளையாயிடும்.

6. பயணப் பேப்பர்

சிங்கப்பூர் பாஸ்போர்ட்காரங்களுக்கு ஆசியான் நாடுகளுக்கு விசா பிரச்சினை பெருசா இல்ல. இந்தியப் பாஸ்போர்ட்ல இங்க வேலை பாக்கறவங்க ஒவ்வொரு நாட்டுக்கும் தனியா பாக்கணும், விதி அடிக்கடி மாறுது, போன வருஷம் போன நண்பர் சொன்னதை நம்பாதீங்க, அந்த நாட்டுக் குடிநுழைவு இணையதளத்தை மட்டும் நம்புங்க. டூரிஸ்ட் நுழைவுல போய் மேடை ஏறலாமாங்கிறதும் நாட்டுக்கு நாடு வேற, இதை நடத்துறவங்ககிட்ட நேராவே கேளுங்க, நல்ல குழுன்னா பதில் தயாரா வச்சிருப்பாங்க. பிஆரா இருந்தா ரீ என்ட்ரி பெர்மிட் காலாவதி ஆகலயான்னு பாத்துட்டுக் கிளம்புங்க.

விசா வேணும்னா அழைப்புக் கடிதத்தைத் தேர்வான அன்னிக்கே கேளுங்க. அதுல பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரியே பேர், பாஸ்போர்ட் நம்பர், நிகழ்ச்சித் தேதி, இடம், நீங்க பேச்சாளர்ங்கிற விவரம், செலவு யார் பாத்துக்கறாங்க, கையெழுத்து போட்டவரோட பதவியும் தொடர்பும், இவ்வளவும் இருக்கணும். "இவரை அன்போடு அழைக்கிறோம்"னு ரெண்டு வரி மட்டும் இருந்தா திருப்பி அனுப்பி எழுதி வாங்குங்க. இங்க உங்க கம்பெனிலேர்ந்து வேலைச் சான்று கடிதமும் ஒண்ணு வாங்கிக்குங்க.

வருகை அட்டைகளை மறக்காதீங்க. தாய்லாந்துக்கு 2025 மேலேர்ந்து டிஜிட்டல் அட்டை கட்டாயம், மலேசியாவுக்கும் உண்டு, சிங்கப்பூர் குடிமக்களுக்கு மலேசிய அட்டை தேவையில்ல. ரெண்டும் போய்ச் சேர்றதுக்கு மூணு நாள் முன்னாடிலேர்ந்து நிரப்பறது, ரெண்டும் இலவசம். கூகுள்ல தேடினா மேல வர்ற சில தளம் அதே ஃபார்முக்குக் காசு புடுங்கும், பாக்க அச்சு அசலா அரசாங்கத் தளம் மாதிரியே இருக்கும், அட்ரஸைப் பாத்து நுழையுங்க.

இப்ப தலைகீழா, நிகழ்ச்சி சிங்கப்பூர்ல நடக்குது, உங்க மூலமா ஊர்லேர்ந்து ஒரு ஸ்பீக்கர் வர்றார்னு வச்சுக்குங்க. இந்தியப் பாஸ்போர்ட்னா சிங்கப்பூர் விசா வேணும், கட்டணம் 30 வெள்ளி, கிடைக்கலன்னாலும் திரும்ப வராது. இங்க இருக்கிற உள்ளூர்த் தொடர்பு மூலமாவோ அங்க இருக்கிற அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் மூலமாவோ போடலாம். எஸ்ஜி அரைவல் கார்டு, வந்து இறங்கற நாளையும் சேர்த்து மூணு நாளுக்குள்ள, அதுவும் இலவசம்.

அதுக்கு மேல நிறைய பேர் தவற விடற ஒண்ணு இருக்கு. வெளிநாட்டுலேர்ந்து வந்து கான்ஃபரன்ஸ்ல பேசறது வேலை பாஸ் விலக்கு இருக்கிற செயல்களுக்குள்ள வருது, ஆனா சும்மா பேசிட முடியாது, சிங்கப்பூருக்குள்ள வந்த பிறகு, பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, மனிதவள அமைச்சுக்கு ஆன்லைன்ல அறிவிக்கணும். ஊர்ல இருக்கிறப்பவே போட்டுடலாம்னு நினைக்காதீங்க, வந்து இறங்கி விசிட் பாஸ் கிடைச்ச பிறகு தான். வருஷத்துக்கு 90 நாள் வரம்பு. பேச்சு மதம், இனம், அரசியல் சம்பந்தப்பட்டதுன்னா இந்த விலக்கு செல்லாது, அதுக்குத் தனியா மிசலேனியஸ் வொர்க் பாஸ், 175 வெள்ளி. வெப் டிசைனுக்கு அந்தப் பிரச்சினை வராது. இங்க குடியிருக்காத ஸ்பீக்கருக்குத் தொகை கொடுத்தா வரி பிடிச்சுக் கட்டற பொறுப்பு கொடுக்கிறவங்களோடது, பொதுவா மொத்தத் தொகையில 15 சதவீதம். அதை முன்கூட்டியே அவர்கிட்ட சொல்லிடுங்க, கையில குறைஞ்சு வந்த பிறகு சொன்னா நல்லா இருக்காது.

அவர் பையில வேப் வச்சிருக்காரான்னும் நாசூக்கா கேட்டுடுங்க. பல ஊர்ல சாதாரணம், இங்க வச்சிருக்கிறதே குற்றம். சிகரெட்டுக்கு வரி விலக்கும் கிடையாது.

7. மேடைக்கு முன்னாடி

ஸ்லைடு எப்படிப் பண்றதுன்னு உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்ல, டிசைனர்ங்க. ஆனா தமிழ் எழுத்து காட்டறவங்க ஒண்ணு கேளுங்க. சில இடத்துல உங்க லேப்டாப்பை விட மாட்டாங்க, அவங்க மெஷின்லேர்ந்து தான் ஓடும். அதுல தமிழ் ஃபான்ட் இல்லன்னா கட்டம் கட்டமா வரும், இல்ல 'கெ'ங்கிறது கொம்பு தனியா க தனியா பிரிஞ்சு நிக்கும், உடையறதைப் பத்திப் பேச வந்த ஸ்லைடே உடைஞ்சு நிக்கறதைப் பாத்து முன் வரிசை சிரிக்கும். ஃபான்ட் உள்ள பதிஞ்ச பிடிஎஃப் ஒண்ணு, தமிழ் வர்ற ஸ்லைடுகளோட படம் ஒண்ணு, ரெண்டையும் பென் டிரைவ்ல வச்சுக்குங்க.

லைவ் டெமோவை வைஃபையை நம்பி வைக்காதீங்க, ஆஃப்லைன்ல ஓடணும், அது ஓடலன்னா காட்ட வீடியோ இருக்கணும். ஹெச்டிஎம்ஐ அடாப்டர் உங்களோடதே கொண்டு போங்க. ப்ரொஜெக்டர்ல வெளிறின சாம்பல் நிறம் காணாம போகும், கான்ட்ராஸ்ட் பத்திப் பேசறவர் ஸ்லைடே படிக்க முடியலன்னா அதைவிட அவமானம் இல்ல. முந்தின நாளோ அன்னிக்குக் காலையிலயோ டெக் செக் இருக்கும், அதை விட்டுடாதீங்க, கடைசி வரிசைக்குப் போய் நின்னு ப்ரோகிராம் கோட் எழுத்து தெரியுதான்னு நீங்களே பாருங்க.

அப்புறம் நேரம். 30 நிமிஷம்னா 25ல முடிக்கிற மாதிரி வாய்விட்டுப் பேசிப் பழகுங்க, மனசுக்குள்ள ஓட்டிப் பாக்கறது கணக்குல சேராது. இங்க தமிழ் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்புகள் இருக்கு, பேச்சு ஆங்கிலத்துலன்னாலும் மேடை பயம் போக அங்க போய்ப் பழகினவங்க உண்டு. ஹால் ஏசி குளிரும், ஜாக்கெட் எடுத்துட்டுப் போங்க.

8. ஸ்பீக்கர்களை எப்படி சந்திக்கிறது

எல்லாரும் செய்யறது, பேச்சு முடிஞ்சதும் மேடை ஓரத்துல போய்க் கூட்டமா நிக்கறது. அந்த நேரத்துல அவருக்குத் தண்ணி வேணும், டாய்லெட் போகணும், மைக்கைக் கழட்டணும், நீங்க சொல்றது காதுல ஏறாது, முகம் மட்டும் சிரிச்சுக்கிட்டு இருக்கும். அதைவிட நல்ல நேரம் காலையில பதிவு மேசை பக்கம், இல்ல காப்பி இடைவேளை, இல்ல அவர் பேசறதுக்கு முந்தின நாள். பேசப்போற அரை மணி நேரத்துக்கு முன்னாடி மட்டும் யாரையும் தொந்தரவு பண்ணாதீங்க.

போறதுக்கு முன்னாடி அவரோட ஒரு பழைய பேச்சையாவது பாத்துட்டுப் போங்க. "உங்க பேச்சு சூப்பர்"னு சொன்னா "தேங்க்ஸ்"னு முடிஞ்சுடும். "நீங்க கன்டெய்னர் குவெரி வச்சு கார்டு பண்ணினதை நாங்க நாலு மொழி சைட்ல போட்டோம், தமிழ்ல மட்டும் ரெண்டாவது வரி இடிக்குது, நீங்க இப்படிப் பாத்திருக்கீங்களா"ன்னு கேட்டா அவரே ஃபோனைக் காட்டச் சொல்லுவார். அதனால உடைஞ்ச பக்கத்தோட ஸ்க்ரீன்ஷாட்டை ஃபோன்ல தயாரா வச்சுக்குங்க. ஒரு கேள்வி, அஞ்சு நிமிஷம், போதும். வேலை வாங்கிக் கொடுங்க, மென்டரா இருங்கன்னு முதல் சந்திப்புலயே ஆரம்பிச்சா ஆள் நழுவிடுவார்.

நீங்களும் ஸ்பீக்கரா இருந்தா ஸ்பீக்கர் டின்னர் இருக்கும், எவ்வளவு களைப்பா இருந்தாலும் போயிடுங்க. அங்க பெரிய ஆள் பக்கத்துல இடம் பிடிக்க அலைய வேணாம். உங்கள மாதிரியே முதல் தடவை பேசறவங்க ரெண்டு பேர் இருப்பாங்க, அவங்களோட உக்காருங்க, அடுத்த வருஷம் அவங்களே எங்கயாவது நிகழ்ச்சி நடத்திக்கிட்டு இருப்பாங்க.

ஸ்பீக்கரா தேர்வாகலன்னா தன்னார்வலரா சேருங்க. இது பலருக்குத் தோணாது. பதிவு மேசை, மேடைக்குப் பின்னாடி, ஸ்பீக்கரை ஹால்ல கொண்டு வந்து விடற வேலை, இதுல இருக்கிறவங்களுக்குத்தான் ஸ்பீக்கரோட உண்மையா பேச நேரம் கிடைக்கும், டிக்கெட் காசும் மிச்சம். ஆனா அன்னிக்குப் பாதிப் பேச்சு கேக்க முடியாது, அது தெரிஞ்சு சேருங்க.

நிகழ்ச்சி நம்ம ஊர்லன்னா உங்களுக்கு இன்னொரு வசதி, வெளியூர்லேர்ந்து வந்தவங்களுக்கு எங்க சாப்பிடறதுன்னு தெரியாது. ஹோட்டல் பஃபேயே சாப்பிட்டு அலுத்திருப்பாங்க. நாலஞ்சு பேராச் சேர்த்து தேக்காவுக்கோ லாவ் பா சாட்டுக்கோ கூட்டிட்டுப் போங்க. முதல்ல சைவமா, ஹலாலா, அலர்ஜி ஏதாவது இருக்கான்னு கேட்டுக்குங்க, சைவம்னா சிராங்கூன் ரோடு பக்கம் கவலையே இல்ல. தனியா ஒருத்தரை, அதுவும் பெண் ஸ்பீக்கரை, ராத்திரி சாப்பாட்டுக்குக் கூப்பிடாதீங்க, குழுவா கூப்பிடுங்க, வரலன்னு சொன்னா அதோட விடுங்க. எம்ஆர்டில அவங்க பேங்க் கார்டையே தட்டிப் போகலாம்னு சொல்லிக்கொடுங்க, கடைசி ரயில் எத்தனை மணிக்குன்னும் சொல்லுங்க.

ஃபோட்டோ எடுக்கிறதுக்கு முன்னாடி கேளுங்க. சில நிகழ்ச்சில படம் வேணாங்கிறவங்களுக்கு வேற நிற லேன்யார்டு கொடுப்பாங்க, குரூப் ஃபோட்டோல அதைக் கவனிக்காம போட்டு வம்புல மாட்டறவங்க இருக்காங்க. நடத்தை விதின்னு ஒரு பக்கம் இருக்கும், ஒரு தடவை படிச்சுடுங்க.

9. முடிஞ்ச பிறகு

ரெண்டு மூணு நாளுக்குள்ள சந்திச்சவங்களுக்குச் சின்னதா எழுதுங்க, எங்க பேசினோம், எதைப் பத்தின்னு ஒரு வரி, அனுப்பறேன்னு சொன்ன லிங்க். அதுக்கு மேல வேணாம்.

செலவு க்ளெய்மை அந்த வாரமே அனுப்பிடுங்க. நிகழ்ச்சி முடிஞ்சா தன்னார்வக் குழு கலைஞ்சுடும், கணக்கு பாக்கறவர் அவர் வேலைக்குத் திரும்பிடுவார், நீங்க தாமதிச்சா அவரும் தாமதிப்பார். சொன்ன தேதி தாண்டினா பழைய ஈமெயிலையே ஃபார்வர்ட் பண்ணி மரியாதையா கேளுங்க, அதுக்குத்தான் எழுத்துல வாங்கச் சொன்னது. தொகை வாங்கியிருந்தா வருமான வரிக் கணக்குல காட்டணுமான்னு பாத்துக்குங்க, ரசீதுகளைத் தூக்கிப் போடாதீங்க.

வீடியோ வர மாசக்கணக்குல கூட ஆகலாம். வந்ததும் தானியங்கி கேப்ஷனை ஒரு தடவை ஓட்டிப் பாருங்க, நம்ம ஆங்கிலத்தையும் தமிழ்ப் பேர்களையும் அது கண்டபடி எழுதி வச்சிருக்கும். திருத்தின கேப்ஷனை எஸ்ஆர்டி ஃபைலா அனுப்பினா பெரும்பாலும் மறுக்காம ஏத்திடுவாங்க, அப்புறம் அந்த லிங்க்கை எடுத்து செஷனைஸ்ல உங்க பக்கத்துல போட்டுடுங்க, அடுத்த ஃபார்ம்ல அந்தக் கட்டம் வெத்தா இருக்காது.